புது ஆசிரியரின் முதல் மூன்று ஆண்டுகள்

மகாராஷ்டிரத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் புதிதாகச் சேருபவருக்கு முதல் மூன்று ஆண்டுகள் ஆசிரியர் என்ற பதவிப் பெயர் கிடையாது. அவர் ‘சிக்ஷண் சேவக்’, அதாவது கல்விச் சேவகர். 2000ஆம் ஆண்டில் மாநில அரசு கொண்டுவந்த இந்தத் திட்டம் மும்பையின் தாதர் பகுதியிலுள்ள பழைய உதவி பெறும் பள்ளிகளுக்கும் பொருந்தும், உள்ளாட்சிப் பள்ளிகளுக்கும் பொருந்தும். வகுப்பில் அவர் செய்வது மற்ற ஆசிரியர்கள் செய்யும் அதே வேலைதான். பாடவேளைகள், விடைத்தாள் கட்டுகள், தேர்தல் பணி எதிலும் சலுகை இல்லை. சம்பளமும் பணிப் பாதுகாப்பும்தான் வேறு.

இந்த இடத்துக்கு வரவே பல படிகள் ஏற வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், தேசிய ஆசிரியர் கல்விக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் பயிற்சிப் பட்டயமோ பி.எட். பட்டமோ மட்டும் போதாது. ‘டெட்’ எனப்படும் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 150 மதிப்பெண்ணுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. மகாராஷ்டிரம் 2013 முதல் தன் சொந்தத் தேர்வை நடத்துகிறது. மத்திய அரசின் ‘சிடெட்’ எழுதியும் வரலாம். அதில் மொழித்தாளாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. முன்பு ஏழு ஆண்டுக்கு மட்டும் செல்லுபடியான சான்றிதழ் 2021 முதல் ஆயுளுக்கும் செல்லும்.

டெட் தேறினால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். தரவரிசையை முடிவுசெய்வது 2017இல் தொடங்கிய ‘டெய்ட்’ என்ற நுண்ணறிவுத் தேர்வு. அதன் மதிப்பெண்ணை வைத்து மாநில அரசின் ‘பவித்ர’ இணையதளம் இடங்களை ஒதுக்குகிறது. தனியார் உதவி பெறும் பள்ளி நேர்காணல் நடத்த விரும்பினாலும் பவித்ர அனுப்பும் பெயர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிர்வாகங்கள் தாமே ஆள் எடுத்த காலத்தில் பணம் கைமாறுவதாக எழுந்த புகார்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், இந்தக் கடிவாளத்தைக் குறைசொல்வது கடினம். பணியில் சேர்ந்த பிறகும் கல்வி ஆய்வாளர் அலுவலகம் அந்த நியமனத்துக்குத் தனியாக ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் ‘ஷாலார்த்’ என்னும் சம்பள இணைய முறையில் எண் கிடைத்தால்தான் வங்கிக் கணக்கில் பணம் விழும்.

அந்தப் பணத்துக்கு மதிப்பூதியம் என்று பெயர். பல ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளிக்கு 6,000, உயர்நிலைக்கு 8,000, மேல்நிலைக்கு 9,000 ரூபாய் என்றே நின்றிருந்தது. 2023 ஜனவரி முதல் அது 16,000, 18,000, 20,000 ஆயிற்று. உயர்வு பெரிதுதான். ஆனால் அந்தத் தொகையில் தாதரில் வீடு எடுப்பது நடவாத காரியம். அம்பர்நாத்திலோ பத்லாப்பூரிலோ குடியிருந்து மத்திய ரயில் பாதையில் வந்துபோனால்தான் கட்டுபடியாகும். மூன்றாண்டும் ஒரே தொகை. ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2003க்குப் பின் அங்கு நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில்தான் வேலை பார்த்தார்கள். 2006 ஜூனில் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்பட்டனர். தமிழ்நாடு சில ஆண்டுகளில் கைவிட்ட முறையை மகாராஷ்டிரம் கால் நூற்றாண்டாகத் தொடர்கிறது.

பணிப் பாதுகாப்பு 1977ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தனியார் பள்ளி ஊழியர் சட்டத்தைச் சார்ந்தது. அதன் 5ஆம் பிரிவின்படி நிரந்தரக் காலியிடத்தில் சேருபவருக்குத் தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. சிக்ஷண் சேவக்குக்கு மூன்று. வேலையோ நடத்தையோ திருப்தி தரவில்லை என்றால் ஒரு மாத முன்னறிவிப்புடன், அல்லது ஒரு மாதத் தொகையைக் கொடுத்து, நிர்வாகம் அனுப்பிவிடலாம். திருப்தியில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? அதற்காகவே 1981ஆம் ஆண்டு விதிகள், தகுதிகாண் பருவத்தில் இருப்பவரின் பணியைத் தலைமையாசிரியர் பாரபட்சமின்றி மதிப்பிட்டுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பணிநீக்கம் செய்யப்பட்ட ஊழியர் 30 நாள்களுக்குள் பள்ளித் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பதிவேடுதான்.

ஆக, புதியவரை எப்படி எடைபோட வேண்டும் என்பதைச் சட்டம் விவரமாகச் சொல்கிறது. அவருக்கு யார் கற்றுத்தர வேண்டும் என்று அது சொல்வதில்லை. 60 பிள்ளைகள் உள்ள வகுப்பை அடக்குவது, பின்தங்கிய பிள்ளையைக் கண்டுகொள்வது, பெற்றோரிடம் பேசுவது எல்லாம் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் மனம்வைத்தால்தான் கைவரும். நல்ல மூத்தவர் வாய்த்தால் அதிர்ஷ்டம்.

வேறு நாடுகளில் இதை அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. ஜப்பான் 1989இலிருந்து முதலாண்டு ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்து 2002 முதல் புதியவருக்கு ஓராண்டுப் பயிற்சி இடத்தை உறுதிசெய்து பாடவேளைகளையும் குறைக்கிறது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பருக்குப் பின் இந்தப் பருவம் இரண்டு ஆண்டு. முதலாண்டு பத்து சதவீதமும் அடுத்த ஆண்டு ஐந்து சதவீதமும் வகுப்பு நேரம் குறையும், வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும் உடனிருப்பார். அங்கும் மதிப்பீடு உண்டு, தேறாவிட்டால் வேலை போகும். ஆனால் முதலில் கற்றுக்கொள்ள நேரம் தரப்படுகிறது. மும்பைக்குக் கடன் வாங்கத் தக்கது இந்த நேரம்தான்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. மூத்தவர்கள் வழிகாட்டும் தேசியத் திட்டம் ஒன்றையும் முன்வைக்கிறது. இவை புதியவர், பழையவர் அனைவருக்கும் பொது. முதலாண்டுக்காரரின் பாடவேளையைக் குறைக்க இவற்றில் வழி இல்லை. இதற்கிடையே 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

மூன்றாண்டு திருப்தியாக முடிந்தால் சிக்ஷண் சேவக் உதவி ஆசிரியர் ஆகிறார். பள்ளி அனுப்பும் முன்மொழிவைக் கல்வி ஆய்வாளர் ஏற்றதும் ஏழாவது ஊதியக் குழுவின் விகிதம் பொருந்தும். அடிப்படைச் சம்பளம் தொடக்கப்பள்ளிக்கு 29,200 ரூபாயிலும், பி.எட். முடித்த உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு 38,600 ரூபாயிலும் தொடங்கும். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல்.