இஸ்கூல் என்றால் இழிவா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் 'லைன்' லயமாயிற்று, 'பரேட்' பெரட்டாயிற்று, 'ஸ்டோர்' இஸ்டோராயிற்று. இப்படிப் பேசும் தோட்டத்துப் பிள்ளை 'இஸ்கூல்' என்றதும் நகரத்தார் நகைக்கிறார்கள். இது நியாயம்தானா?

சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் இணைந்து வருவது தமிழின் இயல்பன்று. ஆகவே நாக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்பானியரும் இலத்தீன் 'ஸ்கோலா'வை 'எஸ்குவேலா' ஆக்கிக்கொண்டவர்களே. ஆங்கிலேயர் திருகோணமலையை 'டிரிங்கோமலி' என்றார்கள். அதற்கு யார் சிரித்தார்கள்?

2009ஐ ஆங்கில, தகவல் தொழில்நுட்ப ஆண்டாக அறிவித்த இலங்கை அரசே, நம் பாணியில் ஆங்கிலம் பேசுவோம் என்றுதான் ஊக்கமளித்தது.

தாய்மார்களே! நேர்முகப் பரீட்சைக்குத் திருத்தமான உச்சரிப்பும் வேண்டும்தான். அதை அன்பாகச் சொல்லிக்கொடுங்கள். கேலிக்கு அஞ்சி வாய்மூடிய பிள்ளை எந்த மொழியையும் பேசிப் பழகாது.