கொச்சி மழையும் தொட்டிக் கள்ளியும்

மதுரைப் பக்கத்துச் சாலையோரங்களில் கவனிப்பாரின்றிச் செழிக்கும் சப்பாத்திக்கள்ளியை வைட்டிலாவிற்குக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தால் அழுகிப்போவது ஏன்? பெரும்பாலும் நீர்க் குறைவால் அன்று, நீர் மிகுதியால்தான். மதுரையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். கொச்சியிலோ ஏறத்தாழ 3,000.

இக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நாம் அழகுக்காக வளர்க்கும் உருண்டைக் கள்ளியும் இக்குடும்பமே. நீர் ஆவியாகாதபடி இவை பகலில் தண்டின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. தண்டில் சேமித்த நீரே பல நாள் போதும். ஈரம் தங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை, பூசணம் பற்றிவிடும்.

ஆகவே, அடியில் துளையுள்ள மண் தொட்டியே ஏற்றது. துளையின்மேல் ஓட்டுச் சில்லு வைத்து, செம்மண் ஒரு பங்கும் பருமணல் இரு பங்கும் கலந்து நிரப்புக. இடவப்பாதி மழை தொடங்குமுன், மே மாத இறுதிக்குள், கூரையின்கீழ்க் காலை வெயில் படும் இடத்திற்கு மாற்றுக. மழைக்காலத்தில் மண் நன்கு காய்ந்து சில நாள் சென்றபின்னரே சிறிது நீர் விடுக.

அடித்தண்டு கறுத்துக் குழைந்தாலும் மனம் தளர வேண்டா. பழுதற்ற மேற்பகுதியைத் தூய கத்தியால் அறுத்து, வெட்டுவாய் உலர ஒரு வாரம் நிழலில் வைத்து, உலர்ந்த மணலில் நடுக. வேர் பிடித்த பின்னரே நீர் காட்டுக, செடி பிழைத்துக்கொள்ளும்.