‘ரெண்டு அடி பனி இருக்கு’ என்றால் போதுமா? குல்மார்க் பனி நிலவரத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

குல்மார்க் போக டிக்கெட் போடுகிறவர்கள் டிராவல்ஸ்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, “அங்கே இப்போ பனி இருக்கா சார்?” என்பதுதான். “இருக்கு, ரெண்டு அடி இருக்கு” என்று பதில் வந்தால் மனசு நிறைந்துவிடும். அந்த ரெண்டு அடியை எங்கே அளந்தார்கள், அது எப்போது விழுந்தது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பனிச்சறுக்குத் தளத்தைப் பொறுத்தவரை விஷயமே இந்த மூன்றில்தான் இருக்கிறது.

அண்மைய குளிர்காலங்களையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க்கில் காய்ந்த புல்தரைதான் தெரிந்தது. மாதக் கடைசியில் பனி வந்தது. பிப்ரவரியில் கனமாகவே பொழிந்தது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்துகொண்டிருந்தபோது, பிப்ரவரி 22-ம் தேதி கிலன்மார்க் பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டு ரஷ்யாவைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு கதை வேறு. 2025 பிப்ரவரி 22-ல் தொடங்கவேண்டிய அதே போட்டிகள், போதிய பனி இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன.

பனி இல்லாவிட்டாலும் சிக்கல், திடீரென்று நிறைய வந்துவிட்டாலும் சிக்கல்.

எந்த உயரத்துப் பனி?

குல்மார்க் ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கேபிள் கார் முதலில் கோங்டோரி வரை போகும். இரண்டாவது கட்டம் அபர்வட் மலையின் தோள்பட்டை வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். ஆக, ஊருக்கும் மேல் நிலையத்துக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் கீழே 2 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மேலே மைனஸ் 6-ஐ ஒட்டி இருக்கும். கீழே சொதசொதவென்று மழை, மேலே பொடிப்பொடியாகப் பனி. ஒரே நாளில், ஒரே மேகத்தில் இருந்து!

அதனால்தான் உலகெங்கும் பனிச்சறுக்குத் தளங்களின் தினசரி அறிக்கையில் அடிவாரத்துக்கு ஒரு அளவும் உச்சிக்கு ஒரு அளவும் தனித்தனியாகப் போடுகிறார்கள். ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் அது பெரும்பாலும் எது பெரிதோ அதுதான். ஸ்லெட்ஜ் வண்டியில் உட்கார்ந்து போட்டோ எடுக்கப் போகும் குடும்பத்துக்குத் தேவை அடிவார அளவு. உச்சியில் ஆறு அடி இருந்து அவர்களுக்கு என்ன பயன்?

காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது நம் ஊர்ப் பருவமழை இல்லை. மத்தியத் தரைக்கடல் பக்கத்தில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ எனப்படும் காற்றுச் சுழல்கள்தான். அவை வந்தால் இரண்டு மூன்று நாள் கொட்டும், வராவிட்டால் வாரக்கணக்கில் வெயில். டிசம்பர் 21 முதல் 40 நாட்களை காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பார்கள். கடுங்குளிர்க் காலம். அந்த 40 நாட்களில் விழும் பனிதான் நின்று நிலைக்கும் என்பது அங்கே பெரியவர்கள் வாக்கு. 2024-ல் அதன் பெரும்பகுதி வறண்டே கழிந்தது.

‘பனி’ என்ற ஒரே சொல் போதாது

தமிழில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. மார்கழிக் காலையில் தலையில் இறங்குவதும் பனி, ஊட்டிப் புல்வெளியில் வெள்ளையாகப் படிவதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. முதலாவது ஈரப்பதம், இரண்டாவது உறைபனி, மூன்றாவதுதான் மேகத்திலிருந்து படிகமாகவே விழுவது. காஷ்மீரிகள் அதை ‘ஷீன்’ என்கிறார்கள்.

விழுந்த பிறகும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. புதிதாக, குளிரில், காற்றில்லாமல் விழுந்த பனி, சலித்த அரிசி மாவு மாதிரி. கையில் எடுத்தால் கனமே தெரியாது, ஏனென்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. பனிச்சறுக்குப் பிரியர்கள் விமானம் ஏறி வருவது இந்தப் ‘பவுடர்’ பனிக்காகத்தான். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர், சுமார் ஒரு சென்டிமீட்டர் பனியாக விழும் என்பது தோராயக் கணக்கு. குளிர் கூடினால் அதே நீருக்கு இன்னும் அதிக உயரம் கிடைக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 30 செ.மீ. பனி 20 செ.மீ. ஆகியிருக்கும். “உருகிடுச்சு போல” என்று நினைக்க வேண்டாம். தன் எடையிலேயே அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படி அமுங்குவது நல்லது. இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய சரிவில் பனி இன்னும் இறுகி, கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்ற தரையாக இருக்கும். பகலில் உருகி இரவில் உறைந்தால் மேலே கண்ணாடி போல ஓர் ஓடு விழும். அதில்தான் புதியவர்கள் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். மார்ச்சில் இந்த உருகல்-உறைதல் பல நாள் தொடர்ந்தால் பனி ஜவ்வரிசி மாதிரி மணி மணியாகிவிடும். காலை எட்டு மணிக்குக் கல், பதினொரு மணிக்குச் சறுக்க அருமை, மதியம் இரண்டுக்குக் கஞ்சி.

கீழே ஒளிந்திருக்கும் சர்க்கரை

இனி, உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. ஒரு சரிவில் கிடக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தால் கவலை இல்லை. சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் வறண்ட நாட்களில்.

மெல்லிய பனி அடுக்கு தரையில் கிடக்கிறது, வாரக்கணக்கில் புதிய பனி இல்லை, இரவில் வானம் தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையை ஒட்டிய பகுதி பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ மைனஸ் பத்துக்கும் கீழே போகும். இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேலே நகர்ந்து, படிகங்களை உருமாற்றிவிடும். அவை சர்க்கரை மாதிரிப் பெரிய, ஒன்றோடொன்று ஒட்டாத குருணைகளாக மாறும். கையில் பிடித்தால் உருண்டையாக வராது, உதிரும். அதன்மேல் ஒரே நாளில் இரண்டு மூன்று அடி பனி விழுந்தால்? சர்க்கரை கொட்டிய தரையில் ஒரு கனமான பலகையை வைத்தது போலத்தான். ஒரு ஆள் ஏறினால் போதும், பலகை நழுவும்.

காற்றும் இதே வேலையைச் செய்யும். பனியே பொழியாத நாளில்கூட, பலமான காற்று மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டிக் கெட்டியான பலகையாக்கிவிடும். அறிக்கையில் ‘புதிய பனி: 0’ என்றிருக்கும். ஆபத்தோ நேற்றைவிடக் கூடுதல்.

எல்லாச் சரிவும் நழுவுவதில்லை. 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வில்தான் இந்த வகைப் பனிச்சரிவு அதிகம். வேதனை என்னவென்றால், நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் தேடிப்போவதும் அதே சாய்வைத்தான். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேரின் விஷயத்தில், சரிவைத் தூண்டிவிட்டது அவர்களோ அவர்களுடன் போனவர்களோதான்.

அனுபவசாலிகள் பள்ளம் தோண்டிப் பார்க்கிறார்கள். வெட்டிய பனிச் சுவரை முஷ்டியால் அழுத்துவது, போகாவிட்டால் நான்கு விரல், பிறகு ஒரு விரல், பென்சில், கத்தி. எது உள்ளே இறங்குகிறதோ அதுதான் அந்த அடுக்கின் உறுதி. பிறகு ஒரு பனித்தூணைத் தனியே வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறது என்று எண்ணுவார்கள். நம் ஊரில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது மாதிரி எளிமையாகத் தெரியும். ஆனால் படிக்கப் பயிற்சி வேண்டும்.

எண் 3 ஏன் ஏமாற்றும்?

பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை எண்ணால் குறிக்கப்படுகிறது. இந்தியாவில் டிஆர்டிஓ-வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ நிறுவனம் இந்த எச்சரிக்கைகளைத் தருகிறது. ‘3’ என்றதும் “நடுத்தரம்தானே, பரவாயில்லை” என்று தோன்றும். உண்மையில் உலகெங்கும் உயிரிழப்புகளில் பெரும்பங்கு இந்த மூன்றாம் நிலையில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் எல்லோரும் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள். 3-ல் வெயில் அடிக்கும், பனி பளபளக்கும், கால் சும்மா இருக்காது. புதைந்துபோனவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து மீட்புக் குழு வர அந்த நேரம் போதாது. கூட வந்தவர்களிடம் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருந்தாக வேண்டும்.

குல்மார்க்கில் இது வெறும் ஏட்டுப் பாடம் இல்லை. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க் பகுதியில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் பலியானார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால், இரவு முழுக்கப் பனி கொட்டிய மறுநாள் காலை கேபிள் காரின் இரண்டாம் கட்டம் ஏன் மூடியிருக்கிறது என்பதும் புரியும். “இவ்வளவு பனி இருக்கு, ஏன் விட மாட்டேங்கிறாங்க?” என்று வரிசையில் நின்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு பனி இருப்பதும், மேலே காற்று வீசுவதும்தான் காரணம். கண்காணிப்புக் குழு பார்த்துவிட்டுச் சொல்லும்வரை திறக்காது. திறந்த பிறகும், எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனால் பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பில்லை.

ஆகவே டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஊரில் எவ்வளவு, மேலே எவ்வளவு? கடைசியாக எப்போது பொழிந்தது, அதற்கு முன் எத்தனை நாள் வறட்சி? இரண்டாம் கட்டம் நேற்று ஓடியதா? அவருக்குத் தெரியாவிட்டால், தங்கப்போகும் ஓட்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை ஒரு போன் போட்டால் போதும். ஒரு வாரத்துக்கு முன் கேட்ட பதில் அதற்குள் பழசாகியிருக்கும்.