கொல்லிமலைத் தச்சர்கள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று, அறப்பளீசுவரரைத் தரிசிப்பது. மற்றொன்று, ஆகாய கங்கை அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு நிற்பது. இரண்டும் முடிந்ததும் ஒரு பலாப்பழத்தையும் இரண்டு சீப்பு மலைவாழைப் பழத்தையும் வாங்கிக்கொண்டு, வளைவுகளை மறுபடி எண்ணியபடியே கீழே இறங்கிவிடுகிறார்கள்.

வல்வில் ஓரி ஆண்ட அந்த மலையில், உளியும் சுத்தியலும் இல்லாமலே மரவேலை செய்கிற ஒரு பரம்பரை இருக்கிறது. அதைப் பார்த்து வந்தவர்கள் மிகச் சிலரே. மரங்கொத்தியைத்தான் சொல்கிறேன்.

"அதைப் பார்க்க மலை ஏறவேண்டுமா என்ன? எங்கள் தெருமுனைப் புல்தரையிலேயே வந்து கொத்திக் கொண்டிருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். தலையில் விசிறி போன்ற கொண்டையும், நீண்டு வளைந்த மூக்கும், உடம்பில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளுமாக அது இருந்தால், அதன் பெயர் கொண்டலாத்தி. மரங்கொத்தி என்று பலரும் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அது மண்ணைக் கொத்துகிற பறவை. அதுபோலவே, உச்சி வெயிலில் எங்கோ மரத்தில் "டுக், டுக், டுக்" என்று கடிகாரம் மாதிரி ஒலி கேட்டால் அதுவும் மரங்கொத்தி அல்ல. அது குக்குறுவான், ஒலி தொண்டையிலிருந்து வருகிறதே தவிர மரத்திலிருந்து அல்ல.

அசல் தச்சரை அடையாளம் காண அவருடைய நடையைக் கவனியுங்கள். அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, தத்தித் தத்தி மேல்நோக்கி ஏறுவார். தலைகீழாக மரத்தில் இறங்கி வருகிற ஒரு சின்ன நீலப் பறவையும் மலைக்காட்டில் உண்டு. அது வேறு ஜாதி. மரங்கொத்தி ஒரு மரத்தின் அடியிலிருந்து உச்சிவரை தேடி முடித்துவிட்டு, அடுத்த மரத்துக்கு அலைபோல் ஏறி இறங்கிப் பறக்கும். மறுபடி தாழ்வான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கருவிப் பெட்டி

அதன் உடம்பே ஒரு கருவிப் பெட்டி. காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. மரத்தைக் கவ்விப் பிடிக்க அது சௌகரியம். வால் இறகுகள் விறைப்பானவை. அவற்றை மரத்தில் ஊன்றிக்கொண்டால் முக்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி. நாக்கோ மிக நீளம். அதைத் தாங்குகிற எலும்பு மண்டையின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு உச்சந்தலைக்கு மேலே வருகிறது. பசையும் முள்ளும் உள்ள அந்த நாக்கை விரலளவு பொந்துக்குள் விட்டுப் புழுவையும் எறும்பையும் இழுத்துவிடும்.

இத்தனை வேகமாக மோதினால் தலை வலிக்காதா? மண்டையில் பஞ்சு மாதிரி ஓர் அமைப்பு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2022-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் சர்வகலாசாலை விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழுவினர் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். பஞ்சும் இல்லை, மெத்தையும் இல்லை. தலை முழுவதும் ஒரே சுத்தியல் போல்தான் இயங்குகிறது என்று தெரிந்தது. மூளை மிகச் சிறியதாக இருப்பதால்தான் அந்த அடி அதைப் பாதிப்பதில்லையாம். யோசித்துப் பார்த்தால் நியாயந்தான். மெத்தை கட்டிய சுத்தியலால் எந்தத் தச்சர் ஆணி அடித்திருக்கிறார்?

கொத்துவதிலும் இரண்டு விதம் உண்டு. விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் கேட்டால் அது சாப்பாட்டு வேலை. தவில் வித்வான் தீர்மானம் வைப்பதுபோல் ஒரே மூச்சில் "டர்ர்ர்" என்று உருண்டு ஓய்ந்தால், "இது என் எல்லை, எனக்குத் துணை வேண்டும்" என்கிற விளம்பரம்.

எங்கே நிற்கவேண்டும்?

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் வறண்ட காடு; ஏற ஏற இலையுதிர் காடு; மேலே ஓடைப் பள்ளங்களில் பசுமை மாறாத சோலை. மரங்கொத்தி தேடுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. ஒரே நாளில் மூன்று வகைக் காட்டைப் பார்த்துவிடலாம்.

முதலாவது இடம் மலைப் பாதையேதான். மர உச்சியில் இருக்கும் பறவையை அண்ணாந்து பார்த்தால் கழுத்துத்தான் பிடித்துக்கொள்ளும். இங்கே மேல் வளைவில் நின்றால், கீழ்ச் சரிவிலுள்ள மரங்களின் உச்சி நம் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். வண்டியை வளைவில் நிறுத்திவிடாதீர்கள். பாதை அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். தை, மாசி, பங்குனியில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது மறைவு குறைவு. கூடு கட்டும் காலமும் ஆரம்பித்துவிடும். அப்போது முருங்கைபோல் பெயர் கொண்ட கல்யாண முருங்கையும், இலவும், பலாசும் செக்கச்செவேல் என்று பூத்திருந்தால் அங்கே கால் மணி காத்திருங்கள். தச்சர்களுக்குத் தேனும் பிடிக்கும்.

இரண்டாவது, செம்மேடு, சோளக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களின் ஓரம். பழைய பலாவும் மற்ற நாட்டு மரங்களும் நிழலுக்கு நிற்கிற தோட்டமாகத் தேர்ந்தெடுங்கள். மிளகுக்கொடி ஏற்றுவதற்காக வரிசையாக நட்ட சில்வர் ஓக் மரங்கள் மட்டுமே இருந்தால் அவ்வளவு பலன் இராது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். முதுமை அடைந்து உளுத்துப் போவதற்குள் விலைக்குப் போய்விடும். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போவது மரியாதை.

மூன்றாவது, அறப்பளீசுவரர் கோவிலருகே ஐயாற்றின் கரையும், ஆகாய கங்கைக்கு இறங்குகிற படிகளும். படிகள் ஆயிரத்துக்கு மேல். எல்லோரும் மூச்சு வாங்க ஓய்வெடுக்கிற இடங்களில், நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கூட்டம் சேருவதற்கு முன், காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது உசிதம். மாலையில் நாலு மணிக்குமேல் இன்னொரு சந்தர்ப்பம்.

எந்த இடமானாலும் மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். மரத்தடியில் புதிய மரத்தூளும் சிராயும் சிந்திக் கிடந்தால் மேலே வேலை நடக்கிறது. பொந்தின் விளிம்பு வெளுப்பாக இருந்தால் இந்த வருஷத்தியது. கறுத்திருந்தால் பழைய வீடு. கரிச்சானும் மற்றச் சிறு பறவைகளும் கூட்டமாக மரம் விட்டு மரம் போவதைக் கண்டால், அந்த ஊர்வலத்தில் ஒரு மரங்கொத்தியும் சேர்ந்து வரக்கூடும். பொந்தைக் கண்டுவிட்டால் முப்பது தப்படி தள்ளியே நில்லுங்கள். மரத்தைத் தட்டுவதோ, கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைப்பதோ வேண்டாம்.

எளிதில் கண்ணில் படுகிறது பொன்முதுகு மரங்கொத்தி. முதுகு தங்கம், ஆணுக்கு உச்சந்தலை முழுவதும் சிவப்பு, பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்னால் மட்டும் சிவப்பு. அபூர்வமானது வெண்பிடரி மரங்கொத்தி. இந்தியாவிலும் இலங்கையிலும் உலர்ந்த காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பது. இரண்டும் தங்க நிறமாதலால் பிடரியைப் பாருங்கள்: கறுத்திருந்தால் முன்னது, வெளுத்திருந்தால் பின்னது. வெண்பிடரியில் பெண்ணின் தலை மஞ்சள், சிவப்பே கிடையாது.

சகோதரிகளுக்கு ஒரு விசேஷச் செய்தி: மரங்கொத்திக் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கிறார்கள். ராத்திரி முறை பெரும்பாலும் ஐயாவுடையதுதான். இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

செத்த மரத்தின் உயிர்

ஒரு காட்டில் மரங்கொத்தி இருக்குமா, இராதா என்று தீர்மானிப்பது எது? செழித்து நிற்கிற மரம் அல்ல, பட்டுப்போன மரம். உளுத்த மரத்தில்தான் புழு இருக்கும். உள்ளே மெத்தென்று ஆன மரத்தில்தான் வீடு குடைய முடியும். வருஷத்துக்கு வருஷம் அது புதுப் பொந்து குடைவதால், விட்டுப்போன வீடுகளுக்கு மைனாவும், கிளியும், சிறு ஆந்தையும் குடிவருகின்றன. இவர்களில் பலருக்குச் சொந்தமாகக் குடையத் தெரியாது. தச்சர் போய்விட்டால் குடித்தனக்காரர்களும் தெருவில்தான்.

அமெரிக்காவில் தந்த அலகு மரங்கொத்தி என்று ஒன்று இருந்தது. பழங்காடுகளின் பெருமரங்களை வெட்டி விற்றார்கள். 1944-ல் லூசியானாவில் ஒற்றைப் பெண் பறவையைக் கண்டதே எல்லோரும் ஒப்புக்கொண்ட கடைசிச் சாட்சியம். அதன்பின் எத்தனையோ பேர் தேடியும் சந்தேகமற்ற அத்தாட்சி கிடைக்கவில்லை.

கொல்லிமலையின் மலையாளி மக்கள் இதற்கு மாற்றாக ஓர் ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அதுதான் கோவில் காடு. ஊருக்கு ஊர் தெய்வத்துக்கென்று விட்ட சோலை. பல கோவில் காடுகளில் செருப்புடன் நுழையக்கூடாது, கத்தி வைக்கக்கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட விறகுக்கு எடுக்கலாகாது. அங்கே பட்ட மரம் தானாக விழுகிறவரை நிற்கும். பொந்தும் நிற்கும். சாமையும் தினையும் விளைந்த வயல்கள் பலவற்றில், ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற மரவள்ளி வந்துவிட்ட இந்நாளில், அந்தச் சிறு சோலைகளின் மதிப்பு பன்மடங்கு கூடுகிறது. தெய்வ பயம் குறையக் குறையச் சோலையும் சுருங்குகிறது என்பதே கவலை. ஆகவே அங்கே போனால் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். அவர்கள் "வேண்டாம்" என்றால் வெளியே நின்றே பாருங்கள்.

நம் வீட்டுத் தென்னை

மலைக்குப் போக முடியாதவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பொன்முதுகு மரங்கொத்தி பட்டணத்துக்கும் வருகிறது. சென்னையில் கிண்டி, அடையாறு பக்கத்துப் பழைய தோப்புகளில் அதைக் காணலாம். மொட்டைத் தென்னை அதற்கு மிகவும் இஷ்டம். கொல்லையில் ஒரு தென்னை பட்டுப்போனால் மறுநாளே மரம் வெட்டுகிறவருக்குச் சொல்லி அனுப்புவது நம் வழக்கம். அதற்கு முன் ஒரு வாரம் மரத்தைக் கவனியுங்கள். வட்டமாக ஒரு பொந்து தெரிந்து, பறவை போய்வந்தால், பிப்ரவரி முதல் ஜூலை வரை பொறுத்திருங்கள், குஞ்சுகள் பறந்துவிடும். கூரைமேல் விழும் அபாயமான மரம் என்றால் வெட்டத்தான் வேண்டும். பொந்தில்லாத மரத்தை, ஆபத்தில்லாத உயரத்துக்குக் குறைத்து அடிமரத்தை மட்டும் விட்டு வைக்கலாமே!

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்று, கண்டதைக் குறித்து அனுப்பினால் போதும். குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கரும்பைக் கடிக்கிற சத்தம் ஓய்கிற இடைவெளியில், எங்காவது ஒரு தென்னையில் "டர்ர்ர்" என்று கேட்டால், முதலில் கண்டுபிடிக்கிறவர் அவர்களாகத்தான் இருப்பார்கள்.