எர்த் குழியில் உப்பு எதற்கு?

பள்ளிவாசலுக்கோ வீட்டுக்கோ எர்த் போடும்போது எலக்ட்ரீஷியன் குழி தோண்டி, உலோகக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றுவார். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பத்தாம் வகுப்பு தாண்டிய நம் பிள்ளைகள் பலரும் தேர்வில் எழுதிய விஷயம்தான் இது. ஏன் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள்.

மின்சாரம் பாய வேண்டுமானால் மின்னூட்டம் உள்ள ஏதாவது ஒன்று நகர வேண்டும். செம்புக் கம்பியில் நகர்வது எலக்ட்ரான். உலோக அணுக்களின் வெளிப்புற எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இருப்பதில்லை. ஜும்ஆவில் பெரியவர்கள் ஸஃப் கட்டி அசையாமல் நிற்க, இடையே ஓடித்திரியும் சிறுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஸஃப் கலைந்தாலும் சிறுவர்களின் ஓட்டம் நிற்பதில்லை. அதுபோல் உலோகம் உருகினாலும் மின்சாரம் பாயும். சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் பாதரசம் இதற்குச் சான்று. சூடேற ஏற அணுக்கள் அதிகம் அதிர்வதால் எலக்ட்ரான்களின் ஓட்டம் சற்றுத் தடைபடும், அவ்வளவே.

உப்பின் கதை வேறு. சோடியம் தன் எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒன்று நேர்மின் அயனியாகவும் மற்றது எதிர்மின் அயனியாகவும் மாறி, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. இங்கே ஓடித்திரியும் சிறுவர்கள் இல்லை. ஸஃபில் நிற்பவர்கள் மட்டும்தான். மின்னூட்டம் இருக்கிறது, நகரத்தான் வழியில்லை. ஸஃப் கலைந்தால்தான் நகர்வு. அதற்கு உப்பை 801 டிகிரி செல்சியஸில் உருக்க வேண்டும், அல்லது தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொண்டு பிரித்தெடுத்துவிடும். சர்க்கரையும்தான் கரைகிறது, ஆனால் அது அயனிகளாகப் பிரிவதில்லை, ஆகவே சர்க்கரைத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்த உதவாது.

1807இல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி காஸ்டிக் பொட்டாஷில் மின்சாரம் செலுத்தியபோது இதே தடையைத்தான் சந்தித்தார். காய்ந்த பொட்டாஷ் கடத்தவில்லை. தண்ணீரில் கரைத்தால் தண்ணீர்தான் பிரிந்தது. காற்றின் ஈரம் லேசாகப் பட்ட கட்டியில் மின்சாரம் பாய்ந்து, அது உருகி, பளபளக்கும் துளிகளாகப் பொட்டாசியம் வெளிப்பட்டது. செம்புக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போனாலும் செம்பு செம்பாகவே இருக்கும். அயனிகள் வழியே போனால் பொருளே பிரிந்து மாறும்.

இரும்பைக் குறிப்பிடும் ஸூரத்துல் ஹதீத் வசனத்தில் எலக்ட்ரானைத் தேடுவோரும் நம்மில் உண்டு. அந்த வசனம் பேசுவது மக்கள் நீதியில் நிலைப்பதைப் பற்றி. அதை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை.

உளூச் செய்யும் இடத்துக்கு வருவோம். சுத்தமாகக் காய்ச்சி வடித்த நீர் மிகக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். நம் போர்வெல் தண்ணீர் அப்படியல்ல, அதில் உப்புகள் கரைந்திருக்கின்றன. கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். வியர்வையிலும் உப்பு உண்டு. காய்ந்த தோல் ஓரளவு தடுக்கும் மின்சாரத்தை நனைந்த தோல் உள்ளே விட்டுவிடும். முழங்கை வரை ஈரம், வெறுங்கால், நனைந்த தரை. இந்த நிலையில் மோட்டார் சுவிட்சையோ மைக் சுவிட்சையோ தொடுகிறோம். மோட்டாரின் உலோக உடலில் கசிவு இருந்தால், அது தரைக்கு இறங்க எர்த் கம்பி வழியாக இருக்க வேண்டும், நம் உடல் வழியாக இருக்கக் கூடாது.

கோடையில் அந்தக் குழி காய்ந்து கிடந்தால், உள்ளே கொட்டிய உப்பு வெறும் கட்டிதான். வாரம் ஒரு முறை இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நிர்வாகம் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்தி, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். சுவிட்சை உளூச் செய்யும் இடத்திலிருந்து தள்ளி வைப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.