கரையாத கல்

மானாவாரிக் காட்டை உழுதால் கொழுவில் தட்டுப்படும் வெள்ளைக் கல்லை வெங்கச்சங்கல் என்போம். பாடப்புத்தகத்தில் அதுதான் குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பொருள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதற்கு 7. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் பார்க்க இப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் உடைந்த முனையால் பழைய பாட்டிலில் அழுத்திக் கோடு போடுங்கள். கண்ணாடி கீறினால் வெங்கச்சங்கல். சுண்ணாம்புக் கல்லால் கீற முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல இருட்டில் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று வேகமாக உரசினால் கல்லுக்குள்ளேயே மங்கலாக வெளிச்சம் ஓடும். சில்லு தெறிக்கும், கண்ணுக்கு மறைப்பு அவசியம்.

கிரானைட்டில் குவார்ட்ஸோடு ஃபெல்ட்ஸ்பாரும் அபிரகமும் கலந்திருக்கும். காலப்போக்கில் மழைநீர் பட்டு ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் அசராமல், மணலாக ஆற்றில் இறங்கிவிடும். அந்த மணல் இறுகினால் மணற்கல். அதுவே பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்தால் குவார்ட்சைட். சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஆதிமனிதனின் கைக்கோடரிகள் குவார்ட்சைட்டில் செதுக்கியவைதான். சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து மணலை உருக்கினால் ஜன்னல் கண்ணாடி. கரியோடு மின் உலையில் காய்ச்சினால் சிலிக்கான்; செல்போன் சில்லுக்கு மூலப்பொருள் அதுதான்.

நகைக்கடையில் குவார்ட்ஸுக்கு வேறு வேஷம். கொஞ்சம் இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஊதா நிறச் செவ்வந்திக்கல். அதைச் சூடாக்கினால் மஞ்சளாகும்; சிட்ரின் என்று விலைபோகும் கற்களில் பல இப்படிச் சுட்டவையே. ஸ்படிகமும் குவார்ட்ஸ்தான்; ஸ்படிக மாலை வாங்கும்போது மணியை லென்ஸில் பாருங்கள். உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

எனக்கு அதிகம் பிடித்த வேலை கைக்கடிகாரத்துக்குள் நடக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் எழும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கடிகாரத்தில் அரிசியளவு உலோகக் குப்பிக்குள் இருக்கும் கவை வடிவப் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் மிஞ்சுவது 1. அந்தக் கணக்கை மின்சுற்று போட்டுக்கொண்டே இருக்க, நொடிமுள் ஒரு தாவு தாவும். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இப்போது சமையல் மேடைக்கும் 'குவார்ட்ஸ்' போடுகிறார்கள். அது வெட்டி எடுத்த பாறையில்லை; குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து அழுத்திய பலகை. எளிதில் கறை பிடிக்காது, ஆனால் சூடான குக்கரை நேராக வைத்தால் பிசின் கருகும். அறுக்கும்போது எழும் நுண்தூள்தான் பெரிய தொல்லை. நுரையீரலுக்குள் போனால் அங்கேயும் கரையாமல் தங்கித் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்தில்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் இந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. வீட்டில் வேலை நடந்தால் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். வாயில் துண்டு கட்டிக்கொள்வது இந்தத் தூளுக்குப் போதாது.