தப்புத் தாளம் போடும் சிறுமூளை

சென்ற வாரம் பார்க்கின்சன் நோயாளியின் கையைப் பார்த்தோம். மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கும். எதையாவது எடுக்கப்போனால் அடங்கும். இந்த வாரம் நேர்மாறான கை. சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காப்பி டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் வரும்போதுதான் ஆட்டம் தொடங்கும், பாதி காப்பி சட்டையில். செக்கில் கையெழுத்துப் போட்டால் பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டாக்டர்கள் ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்பார்கள். வீட்டில் ‘நரம்புத் தளர்ச்சி, வயசாயிடுச்சு’ என்று முடித்துவிடுவார்கள். பார்க்கின்சனைவிட அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகவும் வருகிறது.

நரம்பியல் டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மணிக்கட்டை ஊன்றாமல் ஒரு சுருள் வரையச் சொல்வார். பார்க்கின்சன்காரரின் சுருள் சின்னதாக, வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இவருடைய சுருள் தாராளமாக விரியும். ஆனால் கோடு ஓரிடத்தில்கூட சீராக ஓடியிருக்காது. நொடிக்கு நாலு முதல் பன்னிரண்டு தடவை கை ஆடிய ஆட்டம் அப்படியே தாளில் பதிந்திருக்கும்.

இந்த ஆட்டம் எங்கிருந்து கிளம்புகிறது? 1989-ல் பெல்ஜிய மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். இந்த நடுக்கம் இருந்த ஒருவருக்குச் சிறுமூளையின் ஒரு பக்கத்தில் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் அதே பக்கத்துக் கையில் நடுக்கம் காணாமல் போய்விட்டது! பெருமூளையில் இடவலம் மாறும், சிறுமூளையோ தன் பக்கத்துக் கைகாலையே கவனிக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இது தற்செயல் இல்லை என்று புரியும்.

ஆனால் பாடப்புத்தகம் இப்படிச் சொல்லவில்லையே! 1824-லேயே பிரான்ஸின் உடலியலாளர் ஃப்ளூரான்ஸ், சிறுமூளையை அகற்றினால் புறாவுக்கு வாதம் வருவதில்லை, இயக்கங்களின் ஒருங்கிணைப்புதான் போகிறது என்று காட்டிவிட்டார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் டாக்டர் கார்டன் ஹோம்ஸ், பின்மண்டையில் குண்டடிபட்டு வந்த சிப்பாய்களை வரிசையாகச் சோதித்தார். மூக்கைத் தொடச் சொன்னால் விரல் இலக்கைத் தாண்டிப் போனது. நல்ல கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, இந்தக் கைக்கு மட்டும் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் ஒருவர். சிறுமூளை கெட்டால் தடுமாற்றம் என்பதுதான் அன்று முதல் பாடம். தானாக வரும் அசைவுகளுக்கு, மூளையின் ஆழத்தில் இருக்கும் ‘பேசல் கேங்ளியா’ மீதே பழி விழுந்தது. சிறுமூளையை அதிகம் பேர் சந்தேகிக்கவில்லை.

அப்படி சிறுமூளைக்குள் என்னதான் இருக்கிறது? மூளையின் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது புர்க்கின்ஜி செல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிழைகள் அதனிடம் சேதி சொல்கின்றன. கூடவே முகுளத்தில் இருக்கும் ‘ஆலிவ்’ என்ற பகுதியிலிருந்து ஒரே ஒரு தடித்த இழை வந்து அதன்மேல் கொடியாகப் படர்கிறது. ஆலிவ் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. அவை ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருப்பதால் சேர்ந்து துடிக்கக்கூடியவை. பஜனை மடத்தில் ஆளாளுக்குக் கை தட்டினால் இரைச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினால் கூரை அதிரும். ஹார்மலின் என்ற தாவரப் பொருளை எலிக்கு ஊசி போட்டால் ஆலிவ் செல்கள் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. சிறிது நேரத்தில் எலியின் உடம்பே நடுங்குகிறது. மனிதருக்கு வரும் நடுக்கமும் இதே வழியில்தான் வருகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டைக்கு இடமில்லாத நோயும் ஒன்று உண்டு. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்த சிலருக்கு, மாதங்கள் கழித்து வாயைத் திறக்கச் சொன்னால் உள்நாக்கும் மென்னண்ணமும் நொடிக்கு இரண்டு தடவை மேலும் கீழும் துடிப்பதைப் பார்க்கலாம். தூங்கினாலும் பெரும்பாலும் நிற்காது. சிலருக்குக் கண்களும் சேர்ந்து ஆடும். சிறுமூளையிலிருந்து ஆலிவை அடக்கும் பாதை அறுந்ததே காரணம். இந்தப் பாதையை 1931-ல் பாரிஸில் மருத்துவர்கள் கியானும் மோலாரேயும் வரைந்து காட்டினார்கள். இணைப்பு அறுந்தால் நரம்புப் பகுதி சுருங்குவதுதான் வழக்கம். ஆலிவோ வீங்குகிறது, ஸ்கேனிலேயே தெரியும்.

என் பார்வையில் இந்தக் கதையின் பெரிய சாட்சி ஓர் எலிதான். பரம்பரையாக உடல் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா உள்ள எலி வகை ஒன்று உண்டு, வளர்வதற்குள் செத்துவிடும். 1993-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அவற்றின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தார்கள். முறுக்கல் நின்றது. இல்லாத சிறுமூளையைச் சமாளித்த உடம்புக்கு, தப்பாகப் பேசும் சிறுமூளையைச் சமாளிக்கத் தெரியவில்லை. 2005-ல் நரம்பியல் ஆராய்ச்சியாளர் பீட்டர் ஸ்ட்ரிக்கின் குழு, நரம்பு வழியே பின்னோக்கி ஏறும் வெறிநாய்க்கடி வைரஸைக் குரங்குகளின் பேசல் கேங்ளியாவில் செலுத்தியது. அது மூளை நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சிறுமூளைக்குப் போய்ச் சேர்ந்தது. தனித்தனி என்று நினைத்த இரண்டும் உள்ளுக்குள் பேசிக்கொள்கின்றன.

அதற்காக மனிதருக்குச் சிறுமூளையை வெட்டியெறிய முடியுமா? அதன் சேதி தலாமஸில் போய் இறங்கும் இடத்தில் கைவைக்கிறார்கள். 1987-ல் பிரான்ஸின் கிரெனோபிளில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபிட் அங்கே மின்முனை வைத்தார். இப்போது மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்ட் அலைகளைக் குவித்து அதே இடத்தில் சூடு வைக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் மாத்திரை. ஒரு மடக்கு மது உள்ளே போனால் பலருக்கு இந்த நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். குடியால் வந்த நடுக்கம் என்று ஊர் இவர்களைப் பேசுவது அதனால் இரட்டிப்புக் கொடுமை. மதுவின் வேகம் இறங்கியதும் நடுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், அதை மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம். வழக்கமாக முதலில் எழுதித்தருவது புரொப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் ஆகாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)